காடைத் தீவனத்தில் நுண் தாதுக்கள்: கணக்கு, கலவை, கோளாறு – முழுமையான வழிகாட்டி

முட்டையிடும் ஜப்பானியக் காடை ஒன்று நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் தீவனம் தின்னும். தீவனத்தில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் மாங்கனீசு இருந்தால் அதற்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மில்லிகிராம் சொச்சம்தான். அயோடின், செலினியம் இதைவிடப் பல மடங்கு குறைவு. இந்தத் துளி அளவு ஒவ்வொரு கூண்டுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும். காடைப் பண்ணைகளில் தாதுக் குறைபாடு வருவது பெரும்பாலும் தாது உப்பு போடாததால் அல்ல. தவறான உப்பை வாங்குவது, லேபிளைத் தவறாகப் படிப்பது, சரியாகக் கலக்காமல் விடுவது ஆகிய மூன்றால்தான். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் சரிசெய்வதற்கானது.

காடைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? 200 கிராம் எடையுள்ள பெட்டை 10 முதல் 12 கிராம் முட்டை இடுகிறது. உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல். முட்டைக்கோழியில் இந்த விகிதம் இதைவிட நன்றாகக் குறைவு. அதோடு காடை ஆறு, ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். எலும்பில் சேமித்து வைக்க அதற்கு அவகாசம் கிடையாது. குஞ்சுப் பருவத்தில் நேர்ந்த குறை அப்படியே முட்டைப் பருவத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

எந்தத் தாது, எவ்வளவு

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணைதான் ஜப்பானியக் காடைக்கு இன்றும் அடிப்படை. ஒரு கிலோ தீவனத்துக்கு அது சொல்லும் அளவுகள் (மில்லிகிராமில்):

மாங்கனீசு: குஞ்சுக்கு 60, தாய்க்காடைக்கு 60
துத்தநாகம்: குஞ்சுக்கு 25, தாய்க்காடைக்கு 50
இரும்பு: குஞ்சுக்கு 120, தாய்க்காடைக்கு 60
தாமிரம்: இரண்டுக்கும் 5
அயோடின்: இரண்டுக்கும் 0.3
செலினியம்: இரண்டுக்கும் 0.2

இவை தீவனத்தில் இருக்க வேண்டிய மொத்த அளவுகள். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு ஆகியவற்றிலிருந்து வருவதும் இதில் அடக்கம். ஆனால் இவை குறைந்தபட்சத் தேவைகள். பண்ணையில் வெயில், பழைய புண்ணாக்கு, கலவைப் பிசகு எல்லாம் உண்டு என்பதால் மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் கலக்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு, கிலோவுக்கு 10 மில்லிகிராம்கூட வராது. சோயா புண்ணாக்கில் அதைவிட அதிகம், ஆனாலும் இரண்டும் சேர்ந்த தீவனத்தில் 15, 20-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே மாங்கனீசைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தர வேண்டும். துத்தநாகம் அந்தத் தீவனத்தில் 30 அளவுக்கு இருக்கும். ஆனால் அதில் பெரும் பகுதி பைட்டேட் என்ற பொருளோடு பிணைந்து கிடக்கிறது, பறவைக்கு உதவாது. இரும்புக் கதை நேர் எதிர். சோயாவிலும் கருவாட்டுத் தூளிலும் இரும்பு தாராளமாக உண்டு. டைகால்சியம் பாஸ்பேட், அதாவது டிசிபி, கூடவே இன்னும் கொண்டுவரும். இரும்புக் குறைபாட்டுக்காகக் கவலைப்படும் நேரத்தை மாங்கனீசுக்கும் துத்தநாகத்துக்கும் கொடுங்கள்.

கோபால்ட்டைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. பறவைக்கு அது வைட்டமின் பி12 ஆகத்தான் வேண்டும், அது வைட்டமின் கலவையில் வந்துவிடும்.

முதல் படி: கையில் இருக்கும் தீவனம் எது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் சிறு காடைப் பண்ணையாளர்கள் பலர் பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டர் தீவனத்தை, அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கான முதல் தீவனத்தை, வாங்கிப் போடுகிறார்கள். அதில் நுண் தாதுக்கள் ஏற்கெனவே கலந்தே வருகின்றன. அதன்மேல் இன்னொரு தாது மிக்சரைத் தூவுவது பணத்துக்கும் நட்டம், பறவைக்கும் நல்லதல்ல. முட்டைக் காடைக்கு அதே தீவனத்தைத் தருவதானால் குறைவது சுண்ணாம்புச் சத்து. 100 கிலோவுக்கு 4 முதல் 5 கிலோ கிளிஞ்சல் குருணை சேர்த்தால் கால்சியம் 2.5 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

பிரச்சினை வருவது வேறு இடத்தில். செலவைக் குறைக்க அதே தீவனத்தில் 30 சதவீதம் அரிசிக் குருணையோ கம்போ சேர்க்கும் பழக்கம் உண்டு. அப்போது புரதம் மட்டும் குறைவதில்லை. வைட்டமின், நுண் தாது எல்லாமே அதே விகிதத்தில் நீர்த்துப்போகின்றன. இப்படி நீர்க்கச் செய்தால், சேர்த்த தானியத்தின் எடைக்கு உரிய நுண் தாதுக் கலவையையும் வைட்டமின் கலவையையும் சேர்த்தே ஆக வேண்டும். 30 கிலோ குருணைக்கு, டன்னுக்கு ஒரு கிலோ போடும் பிரீமிக்ஸ் (முன்கூட்டியே கலந்து வைத்த தூள்) என்றால் 30 கிராம்.

மாட்டு மிக்சரைக் காடைக்குப் போடாதீர்கள்

‘மினரல் மிக்சர் 2 கிலோ’ என்று தீவனச் சூத்திரத்தில் எழுதியிருக்கும். கடையில் கேட்டால் கறவை மாட்டுக்கான தாது உப்புக் கலவையை எடுத்துத் தருவார்கள். அது கெட்ட பொருள் அல்ல, மாட்டுக்கு மிக நல்லது. ஆனால் காடைக்கு எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாட்டு மிக்சரில் பொதுவாக மாங்கனீசு 0.12 சதவீதம், துத்தநாகம் 0.8 சதவீதம், அயோடின் 0.026 சதவீதம் இருக்கும். 100 கிலோ தீவனத்தில் 2 கிலோ போட்டால், ஒரு கிலோ தீவனத்தில் 20 கிராம் மிக்சர். மாங்கனீசு 24 மில்லிகிராம், துத்தநாகம் 160, அயோடின் 5.2. அதாவது காடைக்கு அதிகம் வேண்டிய மாங்கனீசு பாதிக்கும் குறைவு. வேண்டாத இடத்தில் ஏராளம். செலினியம் பெரும்பாலான மாட்டு மிக்சர் பைகளில் கிடையவே கிடையாது. கால் திருகிய குஞ்சுகளோடு ‘மிக்சர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்லும் பண்ணைகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையைத்தான்.

கடையில் கேட்க வேண்டியது கோழிக்கான டிஎம் மிக்சர், அதாவது டன்னுக்கு அரை கிலோ அல்லது ஒரு கிலோ என்ற அளவில் போடும் நுண் தாதுக் கலவை. நாமக்கல், பல்லடம் வட்டாரத்துக் கோழித் தீவனக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

லேபிளை வாசிக்கும் முறை

பிரீமிக்ஸ் பையில் ஒரு கிலோவில் எத்தனை கிராம் தாது என்று அச்சிட்டிருக்கும். அதை டன்னுக்கு எத்தனை கிலோ போடுகிறீர்களோ அதனால் பெருக்குங்கள். வருவது கிலோ தீவனத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பிரீமிக்ஸில் கிலோவுக்கு மாங்கனீசு 54 கிராம், டன்னுக்கு ஒரு கிலோ போட்டால் தீவனத்தில் 54 மில்லிகிராம். டன்னுக்கு அரை கிலோ போட்டால் 27. வேறு எந்த வாய்ப்பாடும் வேண்டாம்.

ஆனால் ஒரு பொறி உண்டு. ‘மாங்கனீசு 54 கிராம்’ என்பதும் ‘மாங்கனீசு சல்பேட் 54 கிராம்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மாங்கனீசு ஏறக்குறைய 17 கிராம்தான். பையில் தனிமத்தின் அளவா உப்பின் அளவா என்று தெளிவாக இல்லாவிட்டால் அந்தப் பையை விட்டுவிடுங்கள். எந்த வடிவ உப்பு என்றும் பாருங்கள். சல்பேட் என்றிருந்தால் நல்லது. ஆக்சைடு என்றிருந்தால் மாங்கனீசில் சல்பேட்டின் முக்கால் பங்கு பலன்தான். துத்தநாக ஆக்சைடில் ரகத்துக்கு ரகம் பலன் மாறும். தாமிர ஆக்சைடு ஏறக்குறைய வீண். சிவப்பு இரும்பு ஆக்சைடு பிரீமிக்ஸுக்கு நிறம் கொடுக்கும், பறவைக்கு இரும்பு கொடுக்காது.

சொந்தமாகப் பிரீமிக்ஸ் தயாரிப்பது: யாருக்கு, எப்படி

மாதம் ஒரு டன்னுக்கும் குறைவாகத் தீவனம் செலவாகும் பண்ணைக்கு ரெடிமேட் டிஎம் மிக்சரே சரி. சொந்தத் தயாரிப்பில் மிச்சமாகும் காசைவிட ஒரு தவறான எடை தரும் நட்டம் பெரிது. இரண்டாயிரம், மூவாயிரம் காடை வைத்து, சொந்த அரவை மில்லும் கலவை இயந்திரமும் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

தேவையான மூலப்பொருள்கள், அவற்றில் அடங்கிய தனிமத்தின் அளவு:

மாங்கனீசு சல்பேட் மோனோஹைட்ரேட் – 31 சதவீதம். வெளிர் இளஞ்சிவப்புத் தூள்.
துத்தநாக சல்பேட் மோனோஹைட்ரேட் – 35 சதவீதம். வெள்ளை, உதிரியாக ஓடும் தூள்.
இரும்பு சல்பேட் மோனோஹைட்ரேட் – 30 சதவீதம். சாம்பல் கலந்த வெள்ளை.
தாமிர சல்பேட், நம் ஊர் மயில்துத்தம் – 25 சதவீதம். நீலம்.
கால்சியம் அயோடேட் – 62 சதவீதம் அயோடின்.
செலினியம் 1 சதவீதப் பிரீமிக்ஸ்.
சுண்ணாம்புக்கல் தூள் – ஊடுபொருளாக, அதாவது மற்றவை பரவிக் கலக்க உதவும் நிரப்பியாக.

வாங்கும்போது மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, எல்லாம் தீவனத் தரமாக இருக்க வேண்டும். நெல் வயலுக்கு விற்கும் துத்தநாக சல்பேட் மலிவாகக் கிடைக்கும். அது உரத் தரம். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உரத்தில் அனுமதிக்கப்படும் அளவு வேறு, தீவனத்தில் வேறு. காடை முட்டையை நம் வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு சிக்கனத்தைச் செய்யவே கூடாது.

இரண்டு, மோனோஹைட்ரேட்தானா, அதாவது படிக நீர் குறைந்த வடிவமா என்று பாருங்கள். துத்தநாக சல்பேட் பையில் 21, 22 சதவீதம் என்றிருந்தால் அது ஹெப்டாஹைட்ரேட். சர்க்கரைபோல் பளபளக்கும் படிகமாக இருக்கும். அன்னபேதி என்று சொல்லும் பச்சை நிற இரும்பு சல்பேட்டும் இதே வகைதான், இரும்பு 20 சதவீதம். இவற்றில் உள்ள நீர் மெல்ல வெளியேறி, ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரீமிக்ஸ் முழுவதையும் பாறாங்கட்டியாக்கிவிடும். இரும்பு சல்பேட் துருப்பிடித்த பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் காற்றில் கெட்டுவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

மூன்று, சுத்த சோடியம் செலினைட்டைப் பண்ணைக்குள் கொண்டுவராதீர்கள். அதில் 45 சதவீதம் செலினியம். டன்னுக்கு வேண்டியது அரை கிராமுக்கும் குறைவு. அதைத் தவறில்லாமல் எடை போட்டுக் கலக்கச் சிறு பண்ணையில் வசதி கிடையாது, தூசியை முகர்ந்தால் மனிதருக்கும் விஷம். ஒரு சதவீதமாக நீர்த்துவந்த பிரீமிக்ஸை மட்டும் வாங்குங்கள்.

கணக்கு

கலக்க விரும்பும் அளவை உப்பின் சதவீதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் டன் தீவனத்துக்கு எத்தனை கிராம் உப்பு என்பது கிடைக்கும். மாங்கனீசு 80 வேண்டும், சல்பேட்டில் 31 சதவீதம்: 80 ÷ 31 × 100 = 258 கிராம். வாங்கிய பையில் 32 சதவீதம் என்றிருந்தால் 250 கிராம். ஒவ்வொரு புதுப் பைக்கும் இதைத் திரும்பப் போடுங்கள்.

தானியத்திலிருந்து வருவதைக் கணக்கில் எடுக்காமல், மேலிருந்து சேர்க்க ஏற்ற அளவுகள் இவை: மாங்கனீசு 80, துத்தநாகம் 70, இரும்பு 50, தாமிரம் 8, அயோடின் 1, செலினியம் 0.2 மில்லிகிராம். குஞ்சு, வளர் பருவம், முட்டைப் பருவம் மூன்றுக்கும் இதே பிரீமிக்ஸ் போதும். வயதுக்கு வயது மாற வேண்டியது சுண்ணாம்பும் புரதமும்தான்.

5 டன் தீவனத்துக்கான 5 கிலோ பிரீமிக்ஸ்:

மாங்கனீசு சல்பேட் – 1,290 கிராம்
துத்தநாக சல்பேட் – 1,000 கிராம்
இரும்பு சல்பேட் – 835 கிராம்
மயில்துத்தம் – 160 கிராம்
கால்சியம் அயோடேட் – 8 கிராம்
செலினியம் 1 சதவீதப் பிரீமிக்ஸ் – 100 கிராம்
சுண்ணாம்புக்கல் தூள் – 1,607 கிராம்

டன்னுக்கு ஒரு கிலோ, 100 கிலோவுக்கு 100 கிராம். 2,500 முட்டைக் காடை நாளுக்கு 70 கிலோ தின்றால் இது ஏறக்குறைய பத்து வாரத்துக்கு வரும். மூன்று மாதத்துக்கு மேல் வரும்படி ஒருபோதும் தயாரிக்காதீர்கள்.

அயோடின் கலந்த சமையல் உப்பே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தீவனத்தில் 0.3 சதவீதம் உப்பு, உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் என்று தாராளமாக வைத்தாலும் தீவனத்தில் 0.09 மில்லிகிராம்தான் சேரும். தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கடுகுப் புண்ணாக்கு சேர்ப்பவர்களுக்கு அயோடின் தேவை இன்னும் கூடும், ஏனென்றால் அந்தப் புண்ணாக்கில் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன.

பிரீமிக்ஸைக் கலக்கும் படிகள்

கையுறை, மூக்கு வாய் மூடும் நல்ல முகக்கவசம் இரண்டும் கட்டாயம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். எடைக்கு இரண்டு தராசு வேண்டும்: ஒரு கிராம் துல்லியத்தில் ஒன்று, அயோடேட்டுக்கு 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று.

1. மயில்துத்தத்தை மாவாக அரையுங்கள். கல் உப்புபோல் இருந்தால் ஒரு காடை ஒரு படிகத்தை விழுங்கும், பக்கத்துக் கூண்டில் பத்துப் பறவைக்கு ஒன்றும் கிடைக்காது. அரைத்ததை மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

2. 8 கிராம் அயோடேட்டை 100 கிராம் சுண்ணாம்புத் தூளில் போட்டு மூடிய டப்பாவில் ஐந்து நிமிடம் குலுக்குங்கள். அதை 500 கிராம் சுண்ணாம்புத் தூளோடு சேர்த்து மறுபடி கலக்குங்கள். இந்தச் சுண்ணாம்பு மொத்தமும் மேலே சொன்ன 1,607 கிராமுக்குள் அடங்கும். இதோடு செலினியப் பிரீமிக்ஸைச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம்.

3. மீதிச் சுண்ணாம்பு, மாங்கனீசு, துத்தநாகம், இரும்பு நான்கையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள். டிரம்மில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, உள்ளே புரள இடம் வேண்டும். பத்து நிமிடம் உருட்டுங்கள்.

4. அயோடேட்–செலினியக் கலவையையும் மயில்துத்தத்தையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் உருட்டுங்கள். இடையிடையே டிரம்மைத் தலைகீழாக்குங்கள்.

5. சரியாகக் கலந்ததா என்று பார்க்க மயில்துத்தமே சாட்சி. டிரம்மின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் ஒரு தேக்கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, தட்டையான கத்தியால் அழுத்தி இழுங்கள். சாம்பல் வெள்ளைப் பரப்பில் நீலப் புள்ளிகள் ஊசிமுனை அளவில் மூன்றிலும் ஒரே அடர்த்தியில் தெரிய வேண்டும். ஒன்றில் நீலத் திட்டு, ஒன்றில் வெறும் வெள்ளை என்றால் மறுபடி உருட்டுங்கள்.

6. ஒரு கிலோ அளவில் தடித்த பாலிதீன் பையில் கட்டி, தேதியும் கலந்த அளவும் எழுதி, தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள்.

இந்தப் பிரீமிக்ஸோடு வைட்டமின் கலவையையோ கோலின் குளோரைடையோ ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள். தாமிரமும் இரும்பும் வைட்டமின் ஏ, ஈ, கே மூன்றையும் சிதைக்கும். கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து இந்தச் சிதைவை விரைவாக்கும். மூன்றும் தீவனக் கலவை இயந்திரத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்க வேண்டும்.

தீவனத்தில் கலப்பது

100 கிராம் பிரீமிக்ஸை நேராக 100 கிலோ தீவனத்தில் கொட்டினால் கலக்காது. முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில், பிறகு அதைப் பத்துக் கிலோவில், பிறகு முழுத் தீவனத்தில். மண்வெட்டியால் தரையில் கலப்பவர்களுக்கும் இந்த வரிசை உண்டு. அவர்கள் குவியலைக் குறைந்தது ஐந்து முறை இடம் மாற்றிக் குவிக்க வேண்டும்.

இயந்திரத்தில் கலக்கும்போது வரிசை இது: பாதி மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, பிறகு நீர்த்த பிரீமிக்ஸ், வைட்டமின், உப்பு, டிசிபி, மேலே மீதி மக்காச்சோளம். எண்ணெய் சேர்ப்பதானால் எல்லாம் உலர்ந்தபடி கலந்த பிறகு கடைசியில். எண்ணெயை முதலில் ஊற்றினால் பிரீமிக்ஸ் அதில் ஒட்டி உருண்டையாகி, அந்த உருண்டை கடைசி வரை உடையாது. செங்குத்துத் திருகு இயந்திரத்துக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வேண்டும். படுக்கைவாட்டு ரிப்பன் இயந்திரத்துக்கு நான்கைந்து நிமிடம் போதும். கலவை இயந்திரத்தின் அடியில் தேங்கும் தீவனத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து மேலே போடுங்கள், அங்கே கலவை எட்டுவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறையாவது இயந்திரத்தைச் சோதியுங்கள். ஒரே கலவையிலிருந்து பத்து இடத்தில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் உப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரிகளுக்கிடையே வேறுபாட்டுக் கெழு (சராசரியிலிருந்து மாதிரிகள் விலகும் அளவு) 10 சதவீதத்துக்குள் இருந்தால் இயந்திரம் நல்லபடி வேலை செய்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இத்தகைய சோதனைகளுக்கு ஏற்ற இடம்.

கலந்து முடித்ததோடு வேலை முடியவில்லை. காடை தீவனத்தை அலகால் வாரி வாரி, பெரிய துகளைப் பொறுக்கும். கனமான தாதுத் தூள் தொட்டியின் அடியில் தங்கிவிடும். தீவனத் தொட்டி தினம் ஒரு வேளையாவது காலியாக வேண்டும். அடியில் கிடக்கும் தூளைத் தட்டிவிட்டுப் புதுத் தீவனம் போடுவது தாதுவை அப்படியே குப்பையில் கொட்டுவதற்குச் சமம். குஞ்சுத் தீவனத்துக்கு 2 மில்லிமீட்டர் சல்லடையில் அரைத்து, அரை முதல் ஒரு சதவீதம் எண்ணெய் சேர்த்தால் தூள் துகளோடு ஒட்டிக்கொள்ளும்.

சுண்ணாம்பு கூடினால் துத்தநாகம் குறையும்

குஞ்சுக்கு 0.8 சதவீதம் கால்சியம் போதும், முட்டைக் காடைக்கு 2.5 முதல் 3. வசதிக்காக ஒரே முட்டைத் தீவனத்தை எல்லா வயதுக்கும் போடும் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு மூன்று மடங்கு சுண்ணாம்பு போகிறது. அந்தக் கூடுதல் கால்சியம் குடலில் பைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தைச் சிறைப்பிடிக்கிறது. கூடுதல் கால்சியமும் பாஸ்பரசும் மாங்கனீசையும் தடுக்கும். பிரீமிக்ஸ் சரியான அளவில் இருந்தும் குஞ்சுகளின் இறகு சரியாக முளைக்காமல், கால் திருகினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி முட்டைத் தீவனத்தை அவை தின்கின்றனவா என்பதே. ஐந்து வாரம் வரை தனித் தீவனம், ஆறாம் வாரத்திலிருந்து முட்டைத் தீவனம்.

எள் புண்ணாக்கு, அரிசித் தவிடு அதிகம் சேர்ப்பவர்களுக்கும் பைட்டேட் பிரச்சினை கடுமை. பைட்டேஸ் நொதியைப் பை மேல் சொன்ன அளவில் சேர்ப்பது பாஸ்பரசோடு துத்தநாகத்தையும் விடுவிக்கும். அதைச் சேர்த்ததால் பிரீமிக்ஸைக் குறைக்காதீர்கள்.

குறை எப்படித் தெரியும்

மாங்கனீசு குறைந்தால் குஞ்சின் கணுக்கால் மூட்டு (பார்வைக்கு முழங்கால்போல் தெரிவது) வீங்கித் தட்டையாகும். காலின் பின்புறத் தசைநாண் மூட்டின் பள்ளத்திலிருந்து நழுவி, கால் பக்கவாட்டில் திரும்பிவிடும். விரலால் தொட்டால் நாண் நழுவிக் கிடப்பது தெரியும். அந்தக் குஞ்சை எதுவும் நேராக்காது, மற்ற குஞ்சுகளைத்தான் காப்பாற்றலாம். கோலின், பயோட்டின் குறைவிலும் இதே நோய் வரும் என்பதால் வைட்டமின் கலவையின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கூண்டுத் தரை வழுக்கினால் கால் இரண்டும் விரிந்துபோவது வேறு கோளாறு. அதில் மூட்டு வீங்காது.

துத்தநாகம் குறைந்த காடைக் குஞ்சு வளராது, இறகு நைந்து முளைக்கும், மூச்சு வாங்கும், நடை தடுமாறும். மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. இறகையும் நடையையும் சேர்த்துப் பாருங்கள்.

செலினியமும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்து குறைந்தால் நெஞ்சுத் தோலுக்கடியில் பச்சை கலந்த நீல நிற நீர் கோக்கும். இரும்பு, தாமிரக் குறையில் சோகை, பழுப்பு இறகு வெளுத்தல்.

தாய்க்காடையில் குறை இருந்தால் பறவை நன்றாகவே தெரியும், முட்டைதான் சொல்லும். பொரிப்பு 17, 18 நாளில் முடியும். 19-ஆம் நாள் பொரிக்காத முட்டைகளில் ஒரு முப்பதை உடைத்துப் பாருங்கள். கடைசி நாட்களில் செத்த கருக்களில் கால் இறக்கை குட்டையாக, மேல் அலகு கிளிமூக்காக வளைந்திருந்தால் மாங்கனீசு. கை கால் முழுதாக உருவாகாமல், முதுகெலும்பு வளைந்திருந்தால் துத்தநாகம். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போய், கழுத்தில் தைராய்டு வீங்கியிருந்தால் அயோடின். வெறும் மஞ்சள் கருவாகத் தெளிவாக இருந்தால் அது தாதுப் பிரச்சினையே அல்ல. சேவல் விகிதத்தையும் முட்டை சேமித்த நாட்களையும் பாருங்கள்.

மெல்லிய ஓடு என்றதும் தாதுவைக் குற்றம் சொல்ல வேண்டாம். கால்சியம், வைட்டமின் டி3, வெயில், பறவையின் வயது என்ற வரிசையில் பார்த்து, நான்கும் சரியென்றால் மாங்கனீசுக்கு வாருங்கள்.

கூடினால் என்ன ஆகும்

தாமிரம் கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் இரைப்பையின் உள்தோல் அரிக்கத் தொடங்கும். பூஞ்சைக்கு என்று மயில்துத்தத்தைத் தண்ணீரில் வாரக்கணக்கில் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தகரத் தொட்டியில் கொடுத்தால் தொட்டியின் துத்தநாகப் பூச்சும் கரைந்து சேரும். துத்தநாகம் அளவு மீறினால் தீவனம் தின்பது குறைந்து முட்டை நின்றுவிடும். முட்டைக்கோழியை வலுக்கட்டாயமாக இறகு உதிர்க்கவைக்கத் துத்தநாக ஆக்சைடை அதிக அளவில் கொடுத்த முறை இதனால்தான் உருவானது. செலினியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமை எட்டினாலே பொரிப்பு விழும். தேவைக்கும் விஷத்துக்கும் இடைவெளி இதில்தான் மிகக் குறுகியது. சேர்க்கும் அளவு 0.3-ஐத் தாண்ட வேண்டாம். பிரீமிக்ஸ் தவிர, செலினியம் கலந்த தண்ணீர் டானிக்கையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள், பல பண்ணைகளில் இரண்டும் ஒன்றாகப் போகின்றன.

கரிமத் தாதுக்கள் வாங்கலாமா

தாதுவைக் கரிமப் பொருளோடு பிணைத்த கிளைசினேட், மெத்தியோனின் சேர்மம், செலினிய ஈஸ்ட் என்று விலை கூடிய வடிவங்கள் உண்டு. இவை பைட்டேட்டிடம் எளிதில் சிக்குவதில்லை. வெப்பத்தில் வைத்த ஜப்பானியக் காடைகளுக்குத் துத்தநாகம், குரோமியம் ஆகியவற்றைக் கரிம வடிவில் கொடுத்துத் துருக்கியில் நடந்த ஆய்வுகளில் வளர்ச்சியும் முட்டையும் மேம்பட்டன. ஐந்து வாரத்தில் விற்கும் இறைச்சிக் காடைக்கு இந்தச் செலவு திரும்பாது, சல்பேட்டே போதும். தாய்க்காடைக்குச் சித்திரை, வைகாசி வெயிலில் துத்தநாகம், மாங்கனீசின் மூன்றில் ஒரு பங்கைக் கரிம வடிவில் மாற்றுவதும், செலினியத்தை ஈஸ்ட் வடிவில் கொடுப்பதும் நியாயமான செலவு. ஈஸ்ட் செலினியம் முட்டைக்குள் நன்றாக இறங்குகிறது, அதனால் குஞ்சுக்குத்தான் முதல் பலன்.

மாற்றிய பிறகு எப்போது முடிவு செய்வது

பிரீமிக்ஸை மாற்றிய மறுவாரமே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். புதுத் தீவனத்தின் தாது முட்டைக்குள் நிலைபெற இரண்டு வாரம் கொடுங்கள். அதன் பிறகு எடுத்த முட்டைகளை மட்டும் தனித் தட்டில், தேதி எழுதி இன்குபேட்டரில் வையுங்கள். பொரிப்புக்குப் பதினெட்டு நாள், உடைத்துப் பார்க்க ஒரு நாள், குஞ்சின் காலைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம். ஆக ஏழு வாரம் ஆகும். அதுவரை சோயா வாங்கும் இடத்தையும் கிளிஞ்சல் அளவையும் மாற்றாதீர்கள். புதுப் பிரீமிக்ஸில் நூறு கிராமும், அந்தக் கலவையில் தயாரித்த தீவனத்தில் அரை கிலோவும் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள். ஏழாவது வாரமும் கிளிமூக்குக் கரு வந்தால், ஆய்வகத்துக்கு மாங்கனீசு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் சோதிக்க அனுப்ப வேண்டியது அந்த இரண்டு டப்பாக்கள்தான்.